பந்தல் போட்டாச்சுங்க

காலைச் சித்தெ அந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்குங்க. இந்தப் பையில இருந்து தண்ணி சொட்டுதுங்க. வேறொண்ணுமில்ல, மாலைதான். ரோசாப்பூ மாலை. பூக்காரன் தண்ணிய அடிச்சு அடிச்சுக் குடுத்துப்போட்டான். யாருக்குன்னு கேக்கறீங்களா? அது தெரிஞ்சா நான் ஏனுங்க இப்படி சீட்டு நுனியில உக்காந்திருக்கறேன்?

தாராபுரத்துல ஏறுனதுல இருந்து நீங்களும் பையப் பாக்கறீங்க, என்னயப் பாக்கறீங்க. சொல்லிப்போடறேன். நான் எறங்கற எடம் காத்தாடிப்பிரிவு, உடுமலைக்கு முன்னாலயே வந்துரும். அதுக்குள்ள சொல்லி முடிச்சர்லாம்.

காத்தால எட்டு மணிக்குப் போன் வந்துச்சுங்க. "அண்ணா, பந்தல் போட்டாச்சுங்க, வாங்க." அவ்வளவுதான். வெச்சுப்போட்டா. திருப்பிக் கூப்புட்டா எடுக்கறதில்ல. பதினாலு தடவ கூப்புட்டனுங்க. பேசுனது கோகிலா. காத்தாடிப்பிரிவுல அந்திமலர்னு ஒரு முதியோர் இல்லம் இருக்குதில்லீங்க, அங்க நர்சம்மாவும் அந்தப் புள்ளதான், மேனேஜரும் அந்தப் புள்ளதான். என்ற அக்கா அங்கதான் இருக்குது. ராமாத்தாள்னு பேரு. எழுவத்தி நாலு வயசு.

அட, நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. அழுகற விசயமா, சிரிக்கற விசயமான்னு இன்னும் முடிவாகலீங்க. அந்த ஊட்டுப் பந்தல நம்ப முடியாது. அந்தக் கூத்த ஆரம்பிச்சு வெச்சதே நாந்தான். எனக்கே போன் பண்றாங்க பாருங்க, என்ன லொள்ளு!

நம்ம பேரு நாச்சிமுத்துங்க. காங்கயம். மொதல்ல கல்யாண மணவறை, சீர் மேடை, காதுகுத்துப் பந்தல்னு டெக்கரேசன் தொழில். அப்பறம் லேண்ட்ஸ்கேப்பிங்குல எறங்கிட்டேன். தோட்டத்த டிசைன் பண்ணிக் குடுக்கறதுங்க. காலேஜு, ஓட்டலு, பெட்ரோல் பங்கு எல்லாம் பண்ணியிருக்கறேன். காங்கயத்துல ஒரு ரவுண்டானாவுல மூணு மான் நிக்குமே, பாத்திருக்கீங்களா? நம்மளுதுதான். ஒரு மானுக்குக் கொம்பு இருக்காது. அது லாரிக்காரன் பண்ணது.

அக்காவ ஏன் அங்க உட்டீங்கன்னு நீங்க கேக்கல. ஆனா கேக்கற மாதிரியே பாக்கறீங்க. ரெண்டு வருசம் முந்தி பாத்ரூம்ல உழுந்து இடுப்பெலும்பு போயிருச்சுங்க. வாக்கரப் புடிச்சுத்தான் நடக்கும். நம்ம வீடு மாடி வீடு. ஏற முடியுமா? கீழ ஒரு ரூம்பு இருக்குது, இல்லீங்கல. ஆனா அதுல சிமெண்ட்டு அன்னப்பறவை நாலு சோடி வெச்சிருக்கறேன். அதுகள எங்க கொண்டு போயி வெக்கறது சொல்லுங்க? வெயில்ல வெச்சா பெயிண்ட்டு போயிருமுங்க.

எங்கம்மா போறப்ப எனக்கு ஆறு வயசு, அக்காவுக்கு இருவது. நூல்மில்லுக்குப் போயி என்னய ஆளாக்குச்சு. மூணு மாப்பள வந்து பாத்தாங்க. "தம்பியும் என்ற கூட வருவான்"னு சொல்லுச்சு. மூணு பேரும் காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அது அக்காவோட முடிவுங்க, நானா அப்படிச் சொல்லச் சொன்னேன்? ஆறு வயசுல எனக்கென்ன தெரியும்!

அந்த இல்லத்துக்கு டிரஸ்டி மருதாசலம் ஐயா. அவருகிட்ட அக்காதான் சொல்லியிருக்குது, என்ற தம்பி தோட்டம் போடறதுல கெட்டிக்காரன்னு. கட்டடத்துக்குப் பின்னால பொடக்காளி பூராவும் சும்மா கெடந்துச்சுங்க, ரெண்டு ஏக்கரா இருக்கும். "வயசானவங்க வெளிய வந்து காத்தாட உக்காரணும், ரூம்புக்குள்ளயே கெடக்கறாங்க, ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு ஐயா சொன்னாரு. விடுவனா நானு?

மொத நாளு அளவெடுக்கப் போனப்ப அக்கா வாக்கரோட வந்து நின்னுச்சு. "நாச்சி, நீ ஒண்ணும் பெருசாப் பண்ண வேண்டாஞ் சாமி. முன்னால கேட்டுப் பக்கத்துல கொஞ்சம் நெழலு பண்ணி, நாலு சேர ரோட்டப் பாக்கப் போடு. அது போதும்"னு சொல்லுச்சு. ரோட்டப் பாத்து என்னக்கா பண்றதுன்னேன். "பஸ்சு வரும். யாரு எறங்கறாங்கன்னு பாக்கலாமில்ல?" கேட்டீங்களா! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பஸ்சப் பாக்கறதுக்கா இவ்வளவு பெரிய டிசைனரக் கூட்டிட்டு வந்திருக்கறாங்க? நீ போயி உள்ள உக்காருக்கா, நான் சொர்க்கத்தக் காட்டறேன்னு சொன்னனுங்க. அது அப்பவே கொஞ்சம் யோசனையா என்னயப் பாத்துச்சு.

நாப்பது நாளு வேலை. அந்த நாப்பது நாளும் நானும் அக்காவும் தினம் பாத்துக்கிட்டோமுங்க. அது ரூம்பு ஜன்னல்ல நின்னு கையக் காட்டும். நான் தோட்டத்துல இருந்து வாட்ச்சத் தட்டிக் காட்டுவேன், இந்தா இப்படி, மணிக்கட்டுல ரெண்டு தட்டு. நேரமில்லக்கா, வேலை இருக்குதுன்னு அர்த்தம். அதுக்குப் புரிஞ்சுரும். மூணு மணிக்கு டீ குடுத்து உடும். நான் குடிச்சுட்டு டம்ளரத் தூக்கிக் காட்டுவேன். ரொம்பப் பாசமுங்க எங்களுக்குள்ள.

என்னென்ன வெச்சேன்னு கேளுங்க. பன்னெண்டடி ஒசரத்துல நீர்வீழ்ச்சி, மோட்டாரு போட்டது. கம்பியில செடியப் படர உட்டு ஒரு ஆனை. தரை பூராவும் பச்சைப் பசேல்னு பிளாஸ்டிக் புல்லு. உக்கார்றதுக்கு சிமெண்ட்டுக் காளான் பன்னெண்டு, செவப்புல வெள்ளப் புள்ளி வெச்சது. நெழலுக்கு வெளிநாட்டு மாடல்ல கலர் கலராக் கொடை. போட்டோ புடிக்கறதுக்கு ரோசாப்பூவுல இதயம் மாதிரி ஒரு வளைவு. என்ற ஆயுசுல அந்த மாதிரி ஒரு வேலை நான் பண்ணதில்லீங்க. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

நீர்வீழ்ச்சியத் தொறந்து உட்டேன். இருவத்தி மூணு பேரையும் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாங்க. பத்து நிமிசம் இருக்கும். ஒருத்தரு எந்திரிச்சு உள்ள போனாரு. அப்பறம் ஒரம்மா. அப்பறம் நாலு பேரு ஒட்டுக்கா. தண்ணிச் சத்தத்தக் கேட்டா வயசானவங்களுக்கு ஒண்ணுக்கு முட்டுமாமுங்க! இத எந்த டிசைன் பொஸ்தகத்துலயும் போடல. அங்க இருக்கறதே ரெண்டு பாத்ரூம், இருவத்தி மூணு பேரும் வாக்கரோட கியூவுல நிக்கறாங்க. கோகிலா ஓடி வந்து மோட்டார நிறுத்துனா பாருங்க, என்னய ஒரு பார்வை பாத்தா. நான் என்ன முட்டச் சொன்னனா?

அப்பறம் புல்லு. சித்திரை வெயில்ல பிளாஸ்டிக்கு கொஞ்சம் சூடாகுமுங்க, இயற்கைதானே. சொர்ணம்னு ஒரு டீச்சரம்மா, எம்பது வயசு, செருப்பக் கழட்டி வெச்சுட்டுப் புல்லுதானேன்னு எறங்கிருச்சு. பூமிதிக்கு எறங்குன மாதிரி ஒரே ஓட்டம், அந்தக் கடைசி வரைக்கும். பத்து வருசமா ஓடாத அம்மாங்க அது! ஓட வெச்சதுக்கு எனக்கு நன்றி சொல்லணுமா, வேண்டாமா? பிச்சைமுத்துன்னு ஒரு ரிட்டையர்டு தாசில்தாரு காளான்ல உக்காந்தாரு. உக்கார்றது சுலபம், எந்திரிக்கறதுதான் சிரமம். கூப்புடறதுக்கு அவருக்குக் கௌரவம் உடல. ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம், "காத்து நல்லா இருக்குது, காத்து நல்லா இருக்குது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மத்தியானச் சோத்துக்கு ஆளக் காணாமத்தான் தேடிட்டு வந்து ரெண்டு பேரு தூக்குனாங்க.

காத்துன்னு சொன்னேனில்ல, அந்தக் கொடை இருக்குதே, ஆடி மாசக் காத்துல ஆறும் ஒண்ணா எந்திரிச்சுப் பறந்துருச்சுங்க. இந்தப் பக்கத்துக் காத்து உங்களுக்குத் தெரியுமில்ல, சும்மாவா கரண்டு எடுக்க இத்தன காத்தாடி நட்டு வெச்சிருக்கறாங்க? ரெண்டு கொடை பக்கத்துத் தென்னந்தோப்புல மாட்டிக்கிச்சு. மீதி நாலு எங்கன்னே தெரியல. அதோட ஒரு மனுசன் வெளிய வர்றதில்ல. எல்லாரும் பழையபடி ரூம்புக்குள்ள.

மருதாசலம் ஐயா கூப்புட்டாரு. "நாச்சிமுத்து, நாளைக்குக் காத்தால டவுன்ல இருந்து நன்கொடை குடுக்கற சங்கத்துக்காரங்க பார்வையிட வர்றாங்க. பெரியவங்க வெளிய நெழல்ல உக்காந்திருக்கணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது. இல்லாட்டி அந்த ஆனையப் புடுங்கீட்டுப் போயிருங்க"ன்னு சொன்னாரு. ஆனையப் புடுங்கறதா! எனக்கு வவுறு எரிஞ்சுதுங்க.

என்ன பண்றது? குடோன்ல சாமியானா கெடந்துச்சு, வெள்ளையும் நீலமும். செவப்பு பிளாஸ்டிக் சேரு முப்பது. விடியறப்பவே கொண்டு வந்துட்டோம். பின்னால நீர்வீழ்ச்சி, ஆனை, காளான் எல்லாம் இருக்கறதால பந்தல் கட்ட எடமில்ல. அதனால முன்னால கேட்டுப் பக்கத்துல, ரோட்டோரமாக் கட்டிப்போட்டேன். சேர ரெண்டு வரிசையா ரோட்டப் பாக்கப் போட்டேன்.

நம்ப மாட்டீங்க. யாரும் கூப்புடல. இருவத்தி மூணு பேரும் அவங்களா வந்துட்டாங்க. அக்காதான் மொதல்ல. கேட்டுக்குப் பக்கத்துல மொதச் சேருல உக்காந்துச்சு. தாசில்தாரு வெள்ள வேட்டி, தோள்ல துண்டு. பொம்பளைங்க பாதிப் பேருக்கு மேல வெள்ளச் சேலை. வரிசையா உக்காந்துக்கிட்டு ஒருத்தரும் பேசல. ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கறாங்க. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. போட்டோ எல்லாம் எடுத்தேன். முப்பது வருசமாப் பந்தல் கட்டறவன் நானு, எனக்கே அப்பத் தோணல பாருங்க.

ஏழே முக்கா பஸ்சு வந்துச்சு. கேட்டுக்கிட்ட வந்ததும் டிரைவரு பாட்ட நிறுத்திப்போட்டான். பஸ்சுக்குள்ள ஆளுங்க எந்திரிச்சுப் பாக்கறாங்க. ஒரம்மா கையெடுத்துக் கும்புடுது. நம்ம பெரியவங்களும் திருப்பிக் கும்புட்டாங்க, மரியாதைக்கு. கொஞ்ச நேரத்துல முக்குல இருக்கற டீக்கடைக்காரன் பெரிய தூக்குல டீ போட்டு அனுப்புனான், "இல்லத்துக்காரங்க பாவம், காத்தால இருந்து ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டாங்க"ன்னு. எல்லாரும் சந்தோசமாக் குடிச்சாங்க.

அப்பறம் வந்தாரு பாருங்க வார்டு மெம்பரு, பத்துப் பேரோட, கையில மாலை. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, "ஐயா எங்கீங்க?"ன்னு தழுதழுத்துக் கேக்கறாரு. நம்ம தாசில்தாருக்குக் கடைசியா மாலை உழுந்தது ரிட்டையர்டு ஆன அன்னிக்கு. "இங்கதான் இருக்கறேன்"னு கழுத்த நீட்டிப்போட்டாரு! மெம்பரு என்ன பண்ணுவாரு, போட்டுட்டாரு. அதுக்குள்ள ஒரு டெம்போவுல இருந்து நாலு பொம்பளைங்க எறங்கி ஓடி வந்து அக்கா கழுத்தக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுகறாங்க. அக்காவும் கூடச் சேந்து நல்லா அழுதுச்சு. அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு, "ஏங் கண்ணு, யாரு செத்துப்போனாங்க?"ன்னு கேட்டுச்சு. அந்தப் பொம்பளைங்களுக்கும் தெரியல. பந்தலப் பாத்தோம், எறங்கிட்டோம்னாங்க.

பத்து மணிக்கு பிளெக்ஸு வந்துருச்சுங்க. கண்ணீர் அஞ்சலி. மெம்பரு படம் பெருசா, கூட இருக்கறவங்க படம் சின்னச் சின்னதா. செத்தவரு படம் வர்ற எடத்த மட்டும் காலியா உட்டிருந்தாங்க.

சுத்து வட்டாரம் பூராவும் போனு பறந்துருச்சு. அந்திமலர்ல பந்தல் போட்டிருக்குதாம். எவருன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தனும் நம்மளுதுதான்னு நெனச்சுக்கிட்டு வர்றான். தாசில்தாரு பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான், மூணு வருசமா எட்டிப் பாக்காத ஆளு. கார நடு ரோட்டுலயே நிறுத்திட்டு, "அப்பா!"ன்னு கதறிக்கிட்டு ஓடி வர்றான். அப்பன் மாலையப் போட்டுக்கிட்டு முறுக்குத் தின்னுக்கிட்டிருக்கறாரு. அப்ப அழுதான் பாருங்க, அப்படி ஒரு அழுகை நான் பாத்ததில்ல. அப்பறம் கோவம். அப்பறம் பக்கத்துச் சேருல உக்காந்தான். நாலு மணி நேரம் எந்திரிக்கல. அப்பன் முறுக்க ஒடச்சு ஒடச்சுப் பையன் கையில குடுக்கறாரு, அவனும் வாங்கித் திங்கறான், அம்பது வயசுக்காரன்.

பொழுது சாயறதுக்குள்ள பத்தொம்பது காரு. சங்கத்துக்காரங்க வந்து கூட்டத்தப் பாத்து அசந்துட்டாங்க, இந்த மாதிரிக் குடும்பங்க ஒத்துமையா வந்து போற இல்லத்தப் பாத்ததே இல்லைன்னாங்க. என்ற நீர்வீழ்ச்சிய ஒருத்தன் திரும்பிப் பாக்கோணுமே? ஊகூம். எனக்கு அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறலீங்க.

மறுநாள் சாமியானாவ அவுக்கப் போனா, பெரியவங்க எல்லாம் கூட்டம் போட்டிருக்கறாங்க. கூட்டத்துக்குத் தலைமை எங்கக்கா! நூல்மில்லுல யூனியன்ல இருந்துச்சில்ல, அந்தப் பழக்கம். "பந்தல அவுத்துரு நாச்சி. தினம் இருந்தா எவனும் பயப்பட மாட்டான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஞாயித்துக்கிழமை கட்டு"ங்குது. தூக்குப்போசியில சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கறது, யாரு பேரு வருதோ அவங்க ஊட்டுக்கு மட்டும் போனு. ஆனா கோகிலா ஒத்துக்கல. "பாட்டி, உசுரோட இருக்கறவங்கள செத்துட்டாங்கன்னு என்ற வாயால சொல்ல மாட்டேன்"னு நின்னுக்கிட்டா. அக்கா சொல்லுச்சாம், "நீ ஏன் கண்ணு பொய் சொல்றே? பந்தல் போட்டாச்சுங்க, வாங்கன்னு சொல்லு. பந்தல் போட்டது நெசந்தானே? வெச்சுரு. மிச்சத்த அவங்களே நெனச்சுக்குவாங்க"ன்னு. என்ன மூளை பாருங்க! பெரியவங்க உக்கார நெழலு வேணும்னு டிரஸ்டி ஐயாவே சொல்லியிருக்கறதால அவராலயும் ஒண்ணும் பேச முடியல.

அப்பறம் எட்டு மாசமா நம்ம பந்தல்தான் போகுது. நான் போகலீங்க, நேரமில்ல. நம்ம ஆளுங்க போயிக் கட்டிட்டு வருவாங்க. நம்ம பந்தலு போனா நானே போன மாதிரிதானே? அக்கா பேரு அந்தப் போசியில கெடையாது. அதுவே எழுதிப் போடல. ஏன் பாட்டின்னு கோகிலா கேட்டதுக்கு, "என்ற தம்பிதான் மாசம் ரெண்டு தடவ பந்தலே அனுப்பறானே, அவன எதுக்குக் கூப்புடறது"ன்னுச்சாம். நம்ம ஆளுங்க வந்து சொன்னாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா!

எல்லாரும் என்னய மாதிரி இருக்க மாட்டாங்களே. அந்தத் தாசில்தாரு பையனுக்கு ரெண்டாவது தடவ போனு போச்சு. கார்ல வந்தான். கேட்டுக்கிட்ட ஸ்லோ பண்ணி எட்டிப் பாத்தான், அப்பன் கையக் காட்டறாரு. உசுரோடதான் இருக்கறாருன்னு தெரிஞ்சுதா, அப்படியே உட்டுட்டுப் போயிட்டான். நிறுத்தல. தாசில்தாரு தூக்குன கைய எறக்கலையாமுங்க, ரொம்ப நேரத்துக்கு. மனுசனா அவன்? நம்ம ஆளுங்க சொன்னப்ப எனக்கு ரத்தமே கொதிச்சுப் போச்சு.

அதவிட இன்னொண்ணு. புல்லுல ஓடுச்சே சொர்ணம் டீச்சரு, அது போன மாசம் நெசமாலுமே போயிருச்சு. நம்ம பந்தல்தான் போட்டாங்க. கோகிலா பையனுக்குப் போன் பண்ணி, அம்மா போயிட்டாங்கன்னு வெவரமாவே சொல்லியிருக்கறா. அவன், "சரி சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்"னுட்டு வெச்சுட்டான். ஏமாத்தறாங்கன்னு நெனச்சுட்டான். மறுநாளுதான் வந்து சேந்தான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அந்த மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதானுங்க இந்த மாலை. புரியுதுங்களா?

இப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க. நானும் காத்தால இருந்து போட்டுக் கொழப்பிக்கறேன். வழக்கமா மொத நாளே கோகிலா கூப்புட்டுப் பந்தல் அனுப்புங்கன்னு சொல்லும். இந்த வாரம் சொல்லல. நம்ம சாமியானா வெள்ளகோயில்ல ஒரு காதுகுத்துல நிக்குது. அப்ப அங்க போட்டிருக்கறது யாரு பந்தலு? என்னயக் கேக்காம வேற ஆளு பந்தல எதுக்குப் போடறாங்க? நெசமா ஒண்ணு நடந்துபோச்சுன்னா அவசரத்துக்குக் கெடச்சவனக் கூப்புட்டுக் கட்டுவாங்க. இன்னிக்குக் கெழமையும் புதன். அக்கா பேருதான் போசியிலயே இல்லையே, குலுக்குனாலும் எப்படி வரும்? கோகிலா கொரலுல அழுகை இல்லீங்க, அது ஒண்ணுதான் தெம்பு. ஆனா அந்தப் புள்ள எதுக்குமே அழுகாது, ஆஸ்பத்திரியில வேலை பாத்துப் பழகுன புள்ள.

இல்ல, இல்ல. எங்கக்கா அப்படிப் போகாது. என்னயக் கேக்காம அது ஒரு காப்பி கூடக் குடிக்காது. பள்ளிக்கூடத்துல என்னய உட்டுட்டு அது மில்லுக்குப் போறப்ப பஸ்சுல ஏறி ஜன்னல்ல கையக் காட்டும். பஸ்சு மறையற வரைக்கும் காட்டும். நான் கேட்டுலயே நின்னுக்கிட்டிருப்பேன். சாயங்காலமும் அதே கேட்டுல நிப்பேன், எந்தப் பஸ்சுல எறங்குதுன்னு பாத்துக்கிட்டு. எதுக்கு இப்ப இது ஞாபகம் வருதுன்னு தெரியல. காத்தால டிபன் சாப்புடல, அதுவா இருக்கும்.

இந்தா, பெருமாள் கோயில் வளைவு வந்துருச்சு. இதத் தாண்டுனா இல்லம் தெரியும். உங்க ஜன்னல் பக்கந்தான். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் பாக்கலீங்க. எனக்குக் கண்ணுல தூசி. அக்கா மொதச் சேருல உக்காந்திருக்கும், கேட்டுக்குப் பக்கத்துல. எப்பவும் கத்திரிப்பூக் கலரு சேலைதான் கட்டும். முன்னால வாக்கரு நிக்கும்.

பந்தல் தெரியுதுங்களா? பச்சையா? பச்சை கலரு நம்மகிட்ட இல்லவே இல்லீங்க. கூட்டமா? சரி. மொதச் சேரு, மொதச் சேரப் பாருங்க.

காலியா?

நல்லாப் பாருங்க. அந்தக் கோடியில, கேட்டுக்கிட்ட. காலியாத்தான் இருக்குதா? அய்யோ அக்கா! நேத்தே வந்திருக்கலாமே, நேத்து ஒரு வேலையும் இல்லையே, சும்மா அன்னப்பறவைக்குப் பெயிண்ட்டு அடிச்சுக்கிட்டிருந்தனே, பாவி நானு!

என்னங்க? ரெண்டாவது சேருலயா? கத்திரிப்பூக் கலரா? வாக்கரு இருக்குதா? நெசமாச் சொல்றீங்களா?

அப்பாடா. என்ற சாமி! பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல? எனக்கு அப்பவே தெரியும். எல்லாம் லொள்ளு! பேர எழுதிப் போசியில போட்டிருக்கும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு வேற பந்தல்காரனக் கூப்புட்டிருக்கறாங்க. அக்காவா கொக்கா! சரி, நல்லா இருக்குது, அது போதும். ஏனுங்க கண்டக்டரு, உடுமலைக்கு ஒரு டிக்கெட் சேத்திக் குடுத்துருங்க. அங்க ஒரு ஓட்டல்ல நீர்வீழ்ச்சி கேட்டிருக்கறாங்க, அப்படியே பாத்துட்டு வந்தர்றேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? அந்தத் தாசில்தாரு பையன் வேற, நான் வேறங்க. எனக்கு நெசமாலுமே வேலை இருக்குது. ஞாயித்துக்கிழமை வந்துக்கலாம்.

அக்கா என்ன பண்ணுது இப்ப? பஸ்சத்தான் பாக்குதா? கையக் காட்டுதா?

இல்லையா? பின்ன?

மணிக்கட்டத் தட்டுதா.

எத்தன தட்டு? ரெண்டா?

நான் காட்டுவனே, அதேதான்.

கண்டக்டரு! விசிலு! விசில அடிங்க, எறங்கணும்! வேண்டாம், டிக்கெட் வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. கொஞ்சம் காலை எடுங்க, வழி உடுங்க. அந்தப் பை, அந்தப் பையக் குடுங்க. மாலையா? கொண்டுட்டுத்தான் போறேன். மொதச் சேருல என்னய உக்கார வெச்சு என்ற கழுத்துலயே போட்டாலும் போடும், எங்கக்கா அந்த மாதிரி ஆளு.

அந்தச் சேருங்க நம்மளுது இல்ல, பாத்தாலே தெரியுது. வேற எவனோ பந்தல்காரனோட சேரு, காலு கூட ஒழுங்கா இருக்காது. பரவால்லீங்க, உக்காந்துக்கறேன்.